பாலத்தை அப்புறம் பாத்துக்கலாம்

பதினான்கு வருடங்களாக அவள் பின் சீட்டில் உட்கார்ந்துதான் போய்க்கொண்டிருந்தாள். இடையில் இரண்டு வண்டி மாறியது, அவள் இடம் மாறவில்லை. லாரி பக்கத்தில் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் அவள் மறுபக்கம் விறைப்பாக நிமிர்வாள். "மூட்டையை வச்சாக்கூட நான் சாயற பக்கம் சாயும். நீ மட்டும் எதிர்க்கட்சி" என்று கல்யாணமான புதிதில் கணவன் கேலி செய்வான். போகப் போகக் கேலியும் நின்றுவிட்டது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. பத்து வயதில் மாமாவின் வண்டியில் டேங்க் மேல் உட்கார்ந்து போனபோது மணலில் சக்கரம் சறுக்கியது. மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கும் முழங்காலில் ஒரு தழும்பு, அவ்வளவுதான். ஆனால் விழுவதற்கு முந்தைய அந்த நொடி, வண்டி யார் பேச்சையும் கேட்காமல் தன் போக்கில் போன நொடி, அவள் உடம்பைவிட்டுப் போகவே இல்லை.

வேலையில் அவள் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. கிளினிக்குகளிலிருந்து வரும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக அடுக்கி, பல்செட் செய்து அனுப்பும் லேப் அது. மயிரிழை தப்பினாலும் போட்டுக்கொள்கிறவர் வாயில் புண் வந்துவிடும். அவள் செய்த செட் திரும்பி வந்ததே இல்லை. லேபில் எல்லோரும் அவளைப் பல்லழகி என்பார்கள். அவளுடைய சொந்த முன்பல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். அதனால் அந்தப் பெயரில் பாதி பாராட்டு, பாதி குசும்பு.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் அவனுக்குத்தான் போன் வரும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று உள்ளே இருப்பவரிடம் பேசுவதில் அவன் கெட்டிக்காரன். "நான் இங்கதான் இருக்கேன். கதவத் தள்ளாதீங்க. மெதுவா மூச்சு விடுங்க, இதோ வந்துட்டேன்." அவன் குரலைக் கேட்டால் அழுகிற பிள்ளையும் அடங்கிவிடும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள்.

வீட்டில் அந்தக் குரலை அவள் கேட்டு இரண்டு வருடம் இருக்கும். சண்டை எதுவும் இல்லை. சண்டை போடும் அளவுக்குக்கூடப் பேச்சு இல்லை. "சாவி எங்க?", "பால் வந்துச்சா?", "வாண்டு தூங்கிட்டாளா?" இப்படியே நாள் ஓடியது. வாண்டு என்பது அவர்களுடைய பதினொரு வயதுப் பெண். ஒரே பிள்ளை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"நீ வண்டி ஓட்டக் கத்துக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கெதுக்குங்க? பஸ் இருக்கு. நீங்க இருக்கீங்க."

"கம்பெனில எனக்கு வேன் குடுத்துட்டாங்க. வண்டி சும்மாதான நிக்குது. நீ ரெண்டு பஸ் மாறிப் போற. வாண்டுவ ஸ்கூல்ல விடணும்."

"அப்ப ஒரு சின்ன ஸ்கூட்டரா..."

"கியர் வண்டி ஓட்டிட்டா எதையும் ஓட்டலாம். ஞாயித்துக்கெழம காலைல ஏழு மணிக்குக் கெளம்பு."

மூடிக்கிடந்த ஒரு பஞ்சுக் கிடங்கின் பின்னால் பெரிய சிமெண்ட் தரை இருந்தது. முதல் நாள் அவன் வண்டியை ஸ்டார்ட் செய்யவே விடவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே தரையைச் சுற்றி நடக்கச் சொன்னான். "மொதல்ல இதோட எடை உனக்குத் தெரியணும். தெரியாததுனாலதான் பயம்." நாலு சுற்று முடிவதற்குள் அவளுக்கு முதுகு நனைந்துவிட்டது. வாண்டு ஒரு சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் கிளட்ச். "விடு. விடு. இன்னும் கொஞ்சம். இங்க நிறுத்து. வண்டி லேசா மூக்க நீட்டுது பாரு. அந்த எடத்த உன் கை மறக்கக் கூடாது." அவள் பதறிப்போய் விட்டுவிடுவாள். வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்துவிடும்.

"பதினேழு தடவம்மா" என்றாள் வாண்டு.

"உன்ன யாருடி எண்ணச் சொன்னா?"

அவன் சிரித்தான். அவள் முகம் சிவந்தது. தன்னைப் பார்த்து அவன் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவள் அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

மூன்றாவது வாரம் வண்டி நகர்ந்தது. அவன் பக்கத்திலேயே ஓடிவந்தான். "நான் இங்கதான் இருக்கேன். மூச்சு விடு. ஒண்ணும் ஆகாது." அதே குரல். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குக் கிடைத்த குரல் இப்போது அவளுக்குக் கிடைத்தது. அவள் இரண்டாம் கியரில் தரையின் மறுகோடிவரை போய், திரும்பத் தெரியாமல் சுவர் முன்னால் நிறுத்திவிட்டு, அப்படியே உட்கார்ந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு பாடம். பின்பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே மெதுவாகத் திரும்புவது. ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்புவது. மழையில் ரோட்டு வெள்ளைக் கோட்டின் மேல் பிரேக் போடக் கூடாது என்பது. தரையில் ஒரு பள்ளம் இருந்தது. அவள் எவ்வளவு ஒதுங்கினாலும் சக்கரம் சொல்லிவைத்த மாதிரி அதில்தான் போய் இறங்கும்.

"நீ பள்ளத்தப் பாக்கற. பள்ளத்தப் பாத்தா பள்ளத்துக்குத்தான் போவ. போக வேண்டிய எடத்தப் பாரு."

"விழுந்துடுவேனோன்னுதான் பாக்கறேன்."

"அதத்தான் சொல்றேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டியை வேண்டுமென்றே தரையில் சாய்த்துப் படுக்க வைத்தான். "தூக்கு" என்றான். அவள் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தாள். வண்டி அசையவில்லை. அவன் உதவிக்கு வரவில்லை. "இழுக்காத. வண்டிக்கு முதுகக் காட்டி உக்காரு. ஒரு கை ஹேண்டில்பார்ல, ஒரு கை பின்கம்பில. கையால தூக்காத, கால ஊனிப் பின்னால நட. சைடு ஸ்டாண்ட மொதல்லயே எறக்கி வச்சுக்கோ, இல்லன்னா தூக்குன வேகத்துல அந்தப் பக்கம் போயிடும்." நாலாவது முயற்சியில் வண்டி எழுந்து நின்றது. 

"இதெல்லாம் எதுக்குங்க? விழுந்தா நீங்க தூக்க மாட்டீங்களா?"

"நான் இல்லாத நேரத்துல?"

"நீங்க இல்லாம நான் எங்க போகப்போறேன்?"

அவன் குனிந்து செயினில் ஒட்டிய தூசியைத் துடைக்க ஆரம்பித்தான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்தோஷமாக இருக்கிறவர்களுக்கு எதுவும் பெரிதாகப் படாது.

ஆம், அவள் சந்தோஷமாக இருந்தாள். லேபில் மெழுகு வேலை பார்க்கும் அக்கா அதை முதலில் கண்டுபிடித்தாள். அக்காவுக்கு எதைப் பார்த்தாலும் பல்லின் நிறக் கணக்குதான். "என்னடி பல்லழகி, மூஞ்சி ரெண்டு ஷேடு வெளுத்திருக்கு. வீட்டுக்காரர் தங்கமா தாங்கறாரோ?"

"வண்டி கத்துக் குடுக்கறாருக்கா."

"பொண்டாட்டிக்கு வண்டி கத்துக் குடுக்கறவன் தெய்வம். என் வீட்டுக்காரர் ரேடியோவக்கூடத் தொட விடமாட்டார்."

ஞாயிற்றுக்கிழமைக்காக அவள் வாரம் முழுக்கக் காத்திருந்தாள். அவனுக்குப் பிடித்த நீலத்தில் ஒரு சட்டை எடுத்து வந்தாள். பாடம் முடிந்து மூவரும் டீக்கடையில் நிற்கும்போது அவனிடம் லேப் கதைகளைச் சொன்னாள். நாய் கவ்விக்கொண்டு ஓடிவிடுமோ என்று பயந்து தாத்தா ஒருவர் பல்செட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நடைபோன கதைக்கு அவன் டீ சிந்தச் சிரித்தான். விட்டுப்போன எதுவோ திரும்பி வந்துகொண்டிருக்கிறது என்று அவள் நம்பினாள்.

நாலாவது மாதம் தெருக்களில் ஓட்டினாள். பின்னால் அவன் உட்கார்ந்து வந்தான். லேபுக்கு, பள்ளிக்கு, மார்க்கெட்டுக்கு எல்லா வழியும் பழகியது. ஆற்றுப் பாலம் மட்டும் பாக்கி. ஊரின் இரண்டு பாதிகளையும் சேர்க்கும் நீளமான பாலம். ஒரு பக்கம் லாரிகள், மறுபக்கம் இடுப்பளவு கைப்பிடிச் சுவர், நடுவில் எந்நேரமும் குறுக்குக் காற்று. "அதையும் பாத்துடலாமா?" என்று அவளே ஒருநாள் கேட்டாள். அவன் தயங்கினான். "பாலத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். தன்மேல் உள்ள அக்கறை என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் வண்டியின் பதிவுச் சான்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் பேருக்கு மாற்றியிருந்தான். "ஓட்டப்போறது நீதான?" என்றான். அவள் அந்தக் காகிதத்தை லேபுக்குக்கூட எடுத்துப்போய் அக்காவிடம் காட்டினாள்.

லைசென்ஸ் தேர்வில் எட்டு போட வேண்டும். முதல்முறை இரண்டாவது வளைவில் காலை ஊன்றிவிட்டாள். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிக்கொண்டே, "பதினஞ்சு நாள் கழிச்சு வாங்கம்மா" என்றார். இரண்டாம் முறை போனாள். கம்பி வேலிக்கு வெளியே அவனும் வாண்டுவும் நின்றார்கள். அவள் தரையைப் பார்க்கவில்லை; போக வேண்டிய இடத்தைப் பார்த்தாள். எட்டு முழுதாக வந்தது. இறங்கி வேலிப் பக்கம் ஓடிவந்தபோது அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

"என்னங்க இது, நான் என்ன டாக்டர் பட்டமா வாங்கிட்டேன்?"

"தூசி" என்றான் அவன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு அவள் வழக்கம்போலக் கிளம்பினாள். வாண்டு கணக்கு வகுப்புக்குப் போயிருந்தாள். ஹெல்மெட்டை மாட்டி, வாரைப் பூட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தால், அவன் லுங்கியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"கெளம்பலையா?"

"இனிமே கத்துக் குடுக்க ஒண்ணும் இல்ல. உக்காரு. ஒண்ணு சொல்லணும்."

அவன் சொன்னதில் பாதி அவள் காதில் விழவில்லை. ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. "திருப்பிச் சொல்லுங்க" என்றாள். அவன் திருப்பிச் சொன்னான். அவன் லிஃப்ட் பார்க்கப் போகும் ஒரு கட்டிடத்தில் வேலை செய்யும் பெண். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு பார்த்தாகிவிட்டது. மாத முடிவில் போகிறான். வாண்டுவை விட்டுவிட மாட்டான், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அழைத்துப்போவான். எல்லாவற்றையும் அந்தக் குரலில்தான் சொன்னான். மெதுவாக, பதறாமல், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிறவன் மாதிரி.

அவள் கத்தவில்லை. வாரைக் கழற்ற விரல் வரவில்லை.

"எப்ப முடிவு பண்ணீங்க?"

"எத?"

"போறதுன்னு."

அவன் தரையைப் பார்த்தான்.

"எனக்கு வண்டி கத்துக் குடுக்க ஆரம்பிச்சதுக்கு முன்னாடியா? அப்புறமா?"

"முன்னாடி" என்றான்.

மாத முடிவில் அவன் போனான். வேனில் இரண்டு பெட்டி, கருவிப் பை. நீலச் சட்டையை எடுத்துப்போகவில்லை. மடித்து அலமாரியிலேயே வைத்திருந்தான். அது மரியாதையா அவமரியாதையா என்று அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை.

அழுகை வந்ததைவிட அவளைத் தின்றது வேறொன்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையையும் அவள் திரும்ப எடுத்துப் பார்த்தாள். பக்கத்தில் ஓடிவந்தானே, அன்றைக்கே அந்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டானா? டீ சிந்தச் சிரித்தானே, அந்தச் சிரிப்பு யாருடையது? தன் வாழ்க்கையின் மிக நல்ல ஐந்து மாதம் என்று அவள் நினைத்திருந்தது, ஒருவன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாதம். அவன் மோசமாக நடந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். நல்லவனாக இருந்து தொலைத்துவிட்டான்.

மெழுகு அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். கையிலிருந்த கத்தியைச் சுடரில் காட்டிக்கொண்டே, "நீச்சல் கத்துக் குடுத்துட்டுத் தண்ணில தள்ளிட்டான்" என்றாள். பிறகு, "சில பேரு அதுவும் கத்துக் குடுக்காமத் தள்றானுங்க. எதச் சொல்ல" என்றாள்.

வண்டியை அவள் தொடவில்லை. அது மாடிப்படிக்குக் கீழே உறை போட்டபடி நின்றது. மறுபடி இரண்டு பஸ். வாண்டு தினமும் பத்து நிமிடம் தாமதமாகப் பள்ளிக்குப் போனாள். பெயரைக் குறித்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. அவள் சொல்லவில்லை, டைரியில் இருந்த ஆசிரியையின் குறிப்பை அம்மாவே பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் காலை உறையை எடுத்தாள். ஏறி உட்கார்ந்ததும் கை மறந்துவிட்டது. கிளட்சை எங்கே நிறுத்துவது என்று தேடினால் அவன் குரல்தான் வந்தது, "இங்க நிறுத்து, இங்க." குரல் வந்ததும் கண்ணீர் மறைத்தது. கேட்டைத் தாண்டும்போது முன்சக்கரம் மடங்கி வண்டி அப்படியே வலப்பக்கம் சாய்ந்தது. காலை எடுத்துவிட்டாள், அடி ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் வாயில் பிரஷ்ஷோடு பால்கனியிலிருந்து பார்த்தார்.

"நில்லுங்கம்மா, நான் எறங்கி வர்றேன்."

"வேணாங்க."

சைடு ஸ்டாண்டை இறக்கினாள். வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை பின்கம்பியில். காலை ஊன்றிப் பின்னால் நடந்தாள். வண்டி எழுந்து நின்றது. அப்போதுதான் அவளுக்கு அழுகை உடைந்துகொண்டு வந்தது. அவன் சொல்லிக் கொடுத்தது அவ்வளவு சரியாக வேலை செய்தது.

வாண்டு பையைத் தோளில் மாட்டியபடி படியில் நின்றாள். அம்மா முகத்தைத் துடைக்கும்வரை காத்திருந்துவிட்டு, பின்னால் ஏறினாள். அன்று பள்ளிக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே போய்விட்டார்கள்.

அப்படியே தினமும் ஓட்டினாள். நன்றாக ஓட்டினாள் என்று சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். சிக்னலில் பின்னால் ஹாரன் அடித்தால் பதறிக் கிளட்சை விட்டுவிடுவாள். ஆனாலும் வண்டி அணைவது குறைந்தது. ஒரு மாதத்தில் பள்ளிக்கும் லேபுக்கும் நடுவே எங்கெங்கே குழி, எந்தத் திருப்பத்தில் மணல், எந்த ஆட்டோ ஸ்டாண்டில் கண்ணாடி பார்க்காமல் எடுப்பார்கள் என்பதெல்லாம் அத்துப்படியானது. அந்த வழியில் அவன் குரல் கேட்பதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அதுவும் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஒன்பது மணிக்கு வேனில் வருவான். மேலே வரமாட்டான். ஹாரன் ஒரு தடவை அடிப்பான். வாண்டு ஓடிவிடுவாள். மாலையில் அதே போலக் கொண்டுவந்து விடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாரன் கேட்கவில்லை. வாண்டு எட்டரைக்கே தலைவாரி, ஷூ போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பதரைக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது. ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுவிட்டது, மதியத்துக்குமேல் பார்க்கலாம். பன்னிரண்டு மணிக்கு இன்னொன்று. வேலை முடிந்துவிட்டது, ஆனால் வேனில் பேட்டரி போய்விட்டது, எப்படியோ வீடு வந்துவிட்டேன், இன்று வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம்.

வாண்டு படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஷூவைக் கழற்றவில்லை. லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். பதினொரு வயதுக்குள் இந்தப் பெண் எங்கே கற்றுக்கொண்டாள் இப்படிச் சத்தமில்லாமல் இருக்க, என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

"ஹெல்மெட் எடு" என்றாள்.

"எங்க?"

"அப்பா வீட்டுக்கு. நான் விடறேன்."

"பாலம் இருக்கேம்மா."

"இருக்கட்டும்."

பாலத்தின் ஏற்றம்வரை ஒன்றும் இல்லை. மேலே ஏறியதும் காற்று இடப்பக்கத்திலிருந்து ஒரு கையைப் போலத் தள்ளியது. வண்டி வலப்பக்கம், லாரி வரும் பக்கம் நகர்ந்தது. அவள் ஹேண்டில்பாரை இறுக்கினாள். இறுக்க இறுக்க வண்டி ஆடியது. பின்னால் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. வாண்டுவின் கை அவள் வயிற்றைக் கவ்வியது. பத்து வயதில் அறிந்த அந்த நொடி வந்துவிட்டது, வண்டி யார் பேச்சையும் கேட்காத நொடி.

அவன் குரலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. எப்படி வரும்? பாலத்துக்கு அவன் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லையே.

அவளுக்கு நினைவு வந்தது வேலைதான். மெழுகுத் தகட்டை இறுக்கிப் பிடித்தால் விரல் சூட்டிலேயே கோணிப் போகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்வது, பிடிக்காதே, தாங்கு. விரல்களைத் தளர்த்தினாள். முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டாள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து ஒரே சீராக வைத்தாள். காற்று தள்ளியபோது வண்டி லேசாக அசைந்துவிட்டுத் தானாக நேரே வந்தது. மறுபடி தள்ளியது. மறுபடி வந்தது. லாரி பெரும் இரைச்சலோடு கடந்து போனது. அவள் கண்ணை மூடவில்லை.

"வாண்டு, இருக்கியா?"

"இருக்கேம்மா."

இறக்கத்தில் இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. தாடையைத் தளர்த்தினாள்.

வாண்டு வழி சொன்னாள். மூன்று மாடிக் கட்டிடம், கீழ்வீடு, பச்சைக் கேட். வண்டிச் சத்தம் கேட்டு அவன் வெளியே வந்தான். கை முழுக்க பேட்டரி அழுக்கு. முதலில் நம்பாமல் பார்த்தான். பிறகு அவன் முகம் விரிந்தது. கம்பி வேலிக்கு வெளியே நின்றபோது இருந்த அதே முகம்.

"பாலத்து வழியாவா வந்த?"

"வேற வழி இருக்கா?"

"காத்து?"

"இருந்துச்சு."

"கைய இறுக்காம..."

"தெரியும்."

வாண்டு இறங்கி உள்ளே ஓடினாள். அவன் குனிந்தான். "செயின் லூசா இருக்கு போல, இரு, ஒரு நிமிஷத்துல..." கையை நீட்டினான்.

"தொடாதீங்க" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. அவன் கையை எடுத்துக்கொண்டான்.   அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

திரும்பும்போது பின் சீட் காலியாக இருந்தது. பின்னால் ஆள் இல்லாத வண்டி காற்றில் இன்னும் எளிதாக ஆடியது. பாலத்தைத் தாண்டும்வரை அடக்கிக்கொண்டாள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைக்க முடியாது. இறங்கியதும் ஓரங்கட்டி, மூடியிருந்த டயர்க் கடை முன்னால் நிறுத்திவிட்டு அழுதாள். யாரும் என்னவென்று கேட்கவில்லை. பெட்ரோல் தீர்ந்துவிட்டதென்று நினைத்திருப்பார்கள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, ரோட்டில் சேர்ந்துகொண்டாள்.

ஐந்து மணிக்கு வாண்டு போன் செய்தாள்.

"அம்மா..."

"கெளம்பி வரட்டுமா?"

"இல்லம்மா. நான் இன்னைக்கு இங்கயே தங்கிக்கட்டுமா? அப்பா கேக்கச் சொன்னாரு. நானும்தான் கேக்கறேன்."

 இதுவரை ஒரு இரவுகூட வாண்டு அங்கே தங்கியதில்லை. இன்று அங்கே கொண்டுபோய் விட்டது யார்? தானே. யாருடைய உதவியும் இல்லாமல், பாலம் தாண்டி.

"அம்மா? கோவமா?"

"கோவம் இல்லடா. தங்கு. நாளைக்கு ஸ்கூல் இருக்கே."

"யூனிஃபார்ம் இல்ல."

"நான் எடுத்துட்டு வர்றேன். ஏழு மணிக்கு ரெடியா இரு."

யூனிஃபார்மைத் தேய்த்தாள். சட்டைக் காலரில் ஒரு மைக்கறை இருந்தது. எலுமிச்சை தேய்த்து, அலசி, மின்விசிறியில் காயவைத்து, மறுபடி தேய்த்தாள். திங்கள் பாடவேளை பார்த்துப் புத்தகங்களை அடுக்கினாள். ஒருத்திக்கு மட்டும் எப்படிச் சமைப்பது என்று தெரியாமல் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டு, வாண்டுவின் கட்டிலிலேயே படுத்துக்கொண்டாள்.

காலையில் பாலத்தில் காற்று குறைவாக இருந்தது. ஏழுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே பச்சைக் கேட் முன் நின்றாள். ஹாரன் அடிக்க மனம் வரவில்லை. கேட்டைத் திறந்தது அந்தப் பெண்.

அவளை இதற்குமுன் பார்த்ததில்லை. அழகி ஒருத்தியைக் கற்பனை செய்து வைத்திருந்தாள். குட்டையான, கண்ணாடி போட்ட, தூக்கம் கலையாத ஒருத்தி, மாவுக் கையோடு நின்றாள். இவளைவிட இரண்டு வயது மூத்தவளாகக்கூட இருக்கலாம்.

"அவரு விடியக்காலைலயே போயிட்டாரு. லிஃப்ட் கால்" என்றாள் அந்தப் பெண். பிறகு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல், "பாப்பாவுக்குத் தல பின்னிவிடப் பாத்தேன். எனக்கு வரல. கோணல்மாணலாப் போயிடுச்சு. மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

எதற்கு மன்னிப்பு என்று இருவரும் விளக்கிக்கொள்ளவில்லை. யூனிஃபார்ம் பையை நீட்டினாள். அந்தப் பெண் மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் போனாள்.

வாண்டு உடைமாற்றி வந்தாள். ஒரு பின்னல் காதுக்கு மேலும் இன்னொன்று கழுத்தோரமும் இருந்தது. அம்மா வண்டியில் உட்கார்ந்தபடியே அவளைத் திருப்பி நிறுத்தி, ரப்பர் பேண்டைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டையும் அவிழ்த்துப் பின்னினாள். விரல் நடுங்கவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் நின்று, எப்படிப் பின்னுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கினியா?"

"ம். நீ?"

"தூங்கினேன்."

வாண்டு ஏறி உட்கார்ந்தாள். தெரு குறுகலாக இருந்தது. ஒரு பக்கம் கார், ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி. ஒரே வளைப்பில் வண்டியைத் திருப்பினாள்.

பள்ளி மணிக்கு நேரம் இருந்தது. வாண்டு இறங்கிப் பையை மாட்டிக்கொண்டு நாலடி நடந்து, திரும்பி வந்து, "சாயங்காலம் நீதான வருவ?" என்றாள்.

"நான்தான்."

அவள் உள்ளே போய், பிள்ளைகளின் கூட்டத்தில் எந்தத் தலை அவளுடையது என்று தெரியாமல் போகும்வரை அம்மா நின்றாள். வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். லேபில் ஒரு கீழ்ப் பல்செட் பாலிஷ் போடக் காத்திருந்தது. பத்து மணிக்கு அதை வாங்க ஆள் வரும். அவள் வண்டியைக் கிளப்பினாள்.